செல்வி: கவிதையும் அரங்கும்

ஈழத்துத் தமிழ்க் கவிதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கடந்த நூற்றாண்டின் எண்பதுகளுக்கு வந்து சேரும்போது ஒரு பெயரைத் தவறாமற் குறிப்பிடுகின்றனர். அப்பெயர் செல்வி என்பதாகும். ஆனால் குறிப்பிட்ட கையோடு அவர் கைதுசெய்யப்பட்ட நாளையும், அவருக்குக் கிடைத்த விருதையும், அவர் கொலையுண்டமையையும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகின்றனர். அவர் என்ன எழுதினார், எவ்வாறு எழுதினார், எழுதியதற்கும் மேடையிலே செய்ததற்கும் என்ன தொடர்பு என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு சாரார் அவரைத் தமது அரசியல் வழக்குக்குச் சான்றாக நிறுத்துகின்றனர். மற்றொரு சாரார் அவ்வழக்கே எழாதிருக்கும் பொருட்டு அவர் பெயரை மறந்திருக்க விரும்புகின்றனர். இவ்விரு சாராருக்கும் நடுவிலே கவிஞர் காணாமற் போய்விடுகின்றார்.

கவிஞர் ஒருவர் கொலையுண்டார் என்பதனால் மாத்திரம் அவர் கவிதை சிறந்ததாகிவிடாது. கவிதை குறைவாக எழுதினார் என்பதனால் அவர் கவனிக்கத் தகாதவர் ஆகிவிடவும் மாட்டார். எழுதியதை எழுத்தாகவே எடுத்து நிறுத்துப் பார்ப்பது விமரிசனத்தின் கடன். அக்கடனைச் செய்யப் புகுமிடத்து நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றுண்டு. செல்வியின் கவிதையை அவருடைய அரங்கப் பணியினின்றும் பிரித்து வாசித்தல் இயலாது. அவர் கவிதைகள் ஒருவர் இன்னொருவரை முன்னிறுத்திப் பேசும் பேச்சுகள். அவர் நாடகங்களோ ஊர் பேசாது மறைத்தவற்றை ஊர் நடுவே பேசவைத்தவை. இரண்டும் ஒரே தொழிலின் இரு கைகள். அத்தொழிலையே அன்றைய அதிகாரம் பொறுத்துக்கொள்ளவில்லை.

1

செல்வியின் முழுப்பெயர் செல்வநிதி தியாகராஜா. வவுனியா மாவட்டத்துச் சேமமடு அவர் ஊர். குளத்தையும் வயலையும் நம்பி வாழும் வன்னிக் கிராமம் ஒன்றிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, நாடகமும் அரங்கியலும் என்னும் துறையிலே பயின்றவர் அவர். மூன்றாம் ஆண்டு மாணவியாய் இருந்தபோதே அவருடைய வாழ்வு தடைப்பட்டது.

அவருடைய பணிகளை ஒருசேர நோக்கினால் அவற்றிடையே ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். அவர் கவிதை எழுதினார். தோழி என்னும் பெண்கள் சஞ்சிகையைத் தொடங்கினார். பெண்களின் நிலை பற்றி இரண்டு நாடகங்களைத் தயாரித்தார். ஒன்று சீதனக் கொடுமை பற்றியது, மற்றது பாலியல் வன்முறை பற்றியது. போரினாலே பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆதரவளித்த பூரணி என்னும் நிலையத்திலே பணியாற்றினார். இந்திய இராணுவம் நிலைகொண்டிருந்த காலத்திலே யாழ்ப்பாணத்துப் பெண்கள் பட்ட துன்பங்களின் நடுவே தோன்றிய நிலையம் அது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மருத்துவபீட விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் வீதியிலே சுட்டுக்கொல்லப்பட்டார்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. குண்டுவீச்சும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டை வருத்தின. அதே ஆண்டு ஒக்ரோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1991 மே 19ஆம் நாள் கவிஞர் சிவரமணி, தம் கைவசமிருந்த கவிதைகளைத் தீயிலிட்டுவிட்டுத் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அதற்கு மூன்று மாதங்களின் பின்னர், ஓகஸ்ட் 30ஆம் நாள், செல்வி விடுதலைப் புலிகளால் கைதுசெய்யப்பட்டார். பலஸ்தீன மக்கள் எழுச்சியிலே பெண்களின் பங்கு பற்றிய நாடகம் ஒன்றிலே முதன்மைப் பாத்திரம் ஏற்று நடிக்க ஆயத்தமாகிக் கொண்டிருந்தார் அவர். 1992இல் சர்வதேச பென் எழுத்தாளர் அமைப்பு அவருக்குக் கவிதைக்கான விருதினை அளித்தது. விருதைப் பெற்றுக்கொள்ள அவர் வரவில்லை. சிறையிலிருந்து அவர் மீளவேயில்லை.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். தமிழ் மக்கள்மீது அரசு நடத்திய கொடுமைகளை எவரும் மறுத்தலாகாது. 1981இல் நூலகம் எரிந்தது. 1983இல் தமிழர் வீடுகள் எரிந்தன. அதன் பின்னர் எரிந்தவற்றுக்குக் கணக்கில்லை. செல்வியும் அவ்வெரிவின் நடுவே வளர்ந்தவரே. ஆனால் பிறர் செய்த கொடுமையைக் காட்டித் தம்மவர் செய்த கொடுமையை மறைப்பது முற்போக்கு ஆகாது. மக்கள் பக்கம் நிற்கும் இலக்கியத்துக்கு அத்தகைய மறைப்பு அடாது.

2

இக்கட்டுரையை நாம் நீர்வேலியிலிருந்து எழுதுகின்றோம். செம்மண்ணும் வாழைத் தோட்டமும் கிணற்று நீரும் கொண்ட இவ்வூருக்குக் கவிதையோடும் கல்வியோடும் பழைய உறவு உண்டு. காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழிலே பாடிய அரசகேசரி யாழ்ப்பாணத்து அரச குலத்தவர். அவர் பெயராலே ஒரு பிள்ளையார் கோயில் இன்றும் எம்மூரிலே விளங்குகின்றது. வடமொழியும் தென்மொழியும் வல்ல சிவசங்கர பண்டிதரும் (1829–1891) நீர்வேலியைச் சேர்ந்தவரே. இவர்களால் ஊருக்குப் பெருமை உண்டு. அதனை நாம் குறைத்துப் பேச வரவில்லை.

எனினும் இம்மரபின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வியை அளக்கப் புகுந்தால் என்ன ஆகும்? யாப்பு எங்கே, அணி எங்கே, சொற்செறிவு எங்கே என்று கேட்டு, இவையில்லாதன கவிதையாகா என்று ஒதுக்க நேரிடும். அவ்வாறு ஒதுக்கியோரும் உளர். ஆகவே அளவுகோலையே சற்று ஆராய்வது அவசியமாகின்றது.

யாழ்ப்பாணத்துப் பண்டித மரபு கவிதையை ஏட்டுக்கும் திண்ணைக்கும் உரியதாக்கியது. கூத்தை அது கற்றோர்க்குரிய கலையாக மதிக்கவில்லை. கவி பாடுவோர் ஒரு வகுப்பார், கூத்து ஆடுவோர் வேறொரு வகுப்பார் என்னும் பிரிவு இங்கே வேரூன்றிற்று. அப்பிரிவின் அடியிலே சாதி இருந்தது. கவிதைக்கு மதிப்பும் கூத்துக்கு இழிவும் வந்து சேர்ந்தமைக்குக் கலைக் காரணம் எதுவுமில்லை; சமுதாயக் காரணமே உண்டு. பெண்ணைப் பொறுத்தவரையிலோ இருமடங்கு தடை. ஏடு அவள் கைக்கு எளிதில் எட்டாது. மேடையேறினாலோ அவள் ஒழுக்கமே ஐயத்துக்குள்ளாகும்.

ஆனால் தமிழின் தொல் மரபு இவ்வாறானதன்று. பாணரும் பாடினியும் விறலியும் பொருநரும் வாழ்ந்த காலத்திலே பாட்டும் ஆட்டமும் பிரிந்திருக்கவில்லை. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில ஆய்வு நூலிலே, அப்பாடல்கள் வாய்மொழி மரபினின்றும் எழுந்தவை என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு என்பனவற்றையும் எண்ணுகின்றது. யார் பேசுகின்றார், யார் கேட்கின்றார், எங்கே, எப்பொழுது, எந்த உணர்வு உடலிலே தோன்ற என்னும் இவ்வினாக்கள் இன்று நாடக நெறியாளர் ஒருவர் தம் நடிகரிடம் கேட்கும் வினாக்களே அல்லவா? அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒரு பாத்திரத்தின் கூற்று. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். கவிஞர் தம் குரலிலே பேசுவதில்லை.

செல்வி தம் சஞ்சிகைக்குத் தோழி எனப் பெயரிட்டமை இங்கே நினைக்கத் தக்கது. அகமரபிலே தோழி வெறும் துணைப் பாத்திரம் அல்லள். தலைவியால் வாய்திறந்து சொல்ல முடியாததை வீட்டாரின் முன் எடுத்துச் சொல்லுபவள் அவளே. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று இலக்கணத்தார் பெயரிட்டனர். மறைந்திருக்கும் உண்மையைச் சொல்லவேண்டிய வேளையிலே, சொல்லவேண்டியவர் முன்னிலையிலே சொல்லிவிடுதல் அறம் என்று கருதிய மரபு அது. சீதனத்தையும் பாலியல் வன்முறையையும் மேடைக்குக் கொண்டுவந்தவர் செய்ததும் அதுவே. பண்டித மரபுக்கு அந்நியராய்த் தோன்றும் செல்வி, அதனினும் பழைய மரபொன்றுக்கு உரிமையுள்ளவராய் இருக்கின்றார்.

3

யாழ்ப்பாணத்து அரங்கிலே பெண்ணின் இடம் யாது என்பதை அறிந்தால் செல்வியின் துணிவு விளங்கும்.

எமது நாட்டுக்கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் பாத்திரங்களை ஆண்களே நீண்டகாலம் ஆடிவந்தனர். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் எண்ணிறந்த இரவுகளிலே குடாநாட்டுக் கோயில் வீதிகளிலே ஆடப்பட்டது. விடிய விடிய இருந்து பார்த்த தாய்மார் சந்திரமதியின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விட்டனர். மகனைப் பறிகொடுத்து, சுடலையிலே தாலியையும் அடையாளம் காணப்பட்டு நின்ற அப்பெண்ணின் துயரம் அவர்களுடைய துயரமாகவே இருந்தது. ஆனால் அத்துயரைப் பாடிய தொண்டை ஆணுடையது. அந்நடிகர்களின் கலையை நாம் போற்றுகின்றோம். அதே வேளையிலே, பெண்ணின் துயரம் மேடைக்கு வரலாம், பெண் வரலாகாது என்னும் ஒரு விதி அங்கே இயங்கியதையும் காண்கின்றோம். ஆண் எழுதிய புலம்பலை ஆண் பாடும்போது அது விதியை நொந்துகொள்ளும். கணவனைக் கேள்வி கேட்பது அரிது.

எழுபதுகளின் பிற்பகுதியிலே நிலைமை மாறத் தொடங்கிற்று. 1974இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்டது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். கா. சிவத்தம்பி முதலியோரின் முயற்சியினாலே நாடகமும் அரங்கியலும் ஒரு கல்வித்துறையாக வளர்ந்தது. 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையிலே சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் மேடையேறியது. சி. மௌனகுரு பெண்களின் நிலையைப் பொருளாகக் கொண்டு சக்தி பிறக்குது என்னும் நாடகத்தை ஆக்கினார். வகுப்பறையிலே உடற்பயிற்சியும் குரற்பயிற்சியும் பெற்று, ஆண் மாணவரோடு ஒருங்கே நின்று நடித்த மாணவியர் தோன்றினர். இவ்வலையிலே வந்தவர் செல்வி.

அவர் இதற்கும் ஒரு படி மேலே சென்றார். பெண்ணுக்காக ஆண் எழுதித் தந்ததை நடிப்பதோடு அமையாது, பேசப்பட வேண்டிய பொருளைத் தாமே தேர்ந்து நாடகமாகத் தயாரித்தார். தேர்ந்த பொருள்களும் கவனிக்கத்தக்கவை. சீதனம் எந்தப் படையினராலும் எம்மீது சுமத்தப்பட்டதன்று. அது எம் வீட்டிலே, எம் பெற்றோராலும் மாமன் மாமியராலும் நடத்தப்படும் வாணிபம். காணியும் வீடும் நகையும் எழுதிக்கொடுத்தால்தான் பெண்ணுக்கு வாழ்வு என்னும் வழக்கத்தை இயக்கங்கள் மேடைகளிலே கண்டித்தன. ஆனால் விடுதலை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் உலவியது. செல்வி பிறகு என்பதை ஏற்கவில்லை. பாலியல் வன்முறை பற்றிய நாடகமும் அவ்வாறானதே. அந்நியப் படையினன் செய்தால் இனத்தின் மானம் போயிற்று என்று முழங்குவோர், உள்ளூரான் செய்தால் குடும்ப மானம் போய்விடும் என்று மூடிவைப்பர். இரண்டு பேச்சிலும் பெண்ணின் நோவு கணக்கில் வருவதில்லை. அந்நோவைக் கணக்கில் எடுப்பதே அவர் அரங்கின் நோக்கமாயிற்று.

அவர் நடிக்கவிருந்த இறுதி நாடகம் பலஸ்தீனம் பற்றியது. யாழ்ப்பாணத்து வாசகர்க்குப் பலஸ்தீனம் அந்நியமான நாடன்று. எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகள் 1981இலே நூலாக வந்து, இங்குள்ள இளங் கவிஞர் பலரை ஈர்த்தது. 1987 டிசெம்பரில் அங்கே தொடங்கிய மக்கள் எழுச்சியிலே பெண்கள் வீதிக்கு வந்தனர். அதனை இங்கே நடித்துக்காட்டுவதிலே ஒரு வினா அடங்கியிருக்கின்றது. விடுதலைப் போராட்டத்திலே பெண்ணுக்கு உரிய இடம் ஏவலை நிறைவேற்றுவது மாத்திரமா, தீர்மானிப்பதுமா? வினாவைப் பலஸ்தீனத்திலே வைத்துக் கேட்டாலும் அது திருநெல்வேலியிலும் நீர்வேலியிலும் கேட்கும் என்பதை அதிகாரம் நன்கு அறிந்திருந்தது.

4

இனிக் கவிதைகளுக்கு வருவோம். செல்வி எழுதியவற்றுள் எமக்குக் கிடைப்பன மிகச் சிலவே. சிவரமணியின் கவிதைகள் 1993இலே பெண்கள் ஆய்வு வட்டத்தின் நூலாக வந்தபோது அதிலே 22 கவிதைகளே இருந்தன. செல்வியின் கவிதைகளும் ஒரு சிறு நூலளவுக்கு மேற்படா. எனினும் அவற்றின் போக்கைக் கண்டுகொள்ள அவை போதும்.

முதலிலே மொழி. மஹாகவி உருத்திரமூர்த்தியும் முருகையனும் ஈழக் கவிதையைப் பேச்சோசைக்கு அருகே கொண்டுவந்தவர்கள்; இருவரும் பாநாடகம் எழுதியவர்கள் என்பது தற்செயலானதன்று. மேடையிலே ஒரு வரி வாயிலிருந்து இயல்பாக எழவேண்டும். எழாவிடின் அவையினர் உடனே காட்டிக்கொடுத்துவிடுவர். யாப்பை விட்ட அடுத்த தலைமுறையினர் அவ்வியல்பை மட்டும் எடுத்துக்கொண்டனர். மஹாகவியின் பாநாடகம் ஒன்றுக்குக் கோடை என்று பெயர். செல்வியின் கவிதை ஒன்றுக்கும் அதுவே பெயர். பெயர் ஒன்றாயினும் வழி வேறு. முன்னவர் யாப்பினுள்ளே பேச்சை வைத்தார். பின்னவர் பேச்சின் நிறுத்தங்களையே யாப்பாகக் கொண்டார். வரி முடியும் இடமும் மூச்சு முடியும் இடமும் ஒன்றாய் அமைவதைச் செல்வியின் கவிதைகளை வாய்விட்டு வாசிப்பவர் உணர்வர். கண்ணால் வாசிக்கும்போது சாதாரணமாய்த் தோன்றும் வரி, குரலிலே ஏறும்போது கனக்கின்றது.

அடுத்தது கூற்று. விடைபெற்ற நண்பனுக்கு என்று ஒரு கவிதைக்குப் பெயர். கேட்போர் யார் என்பதைப் பெயரே சொல்லிவிடுகின்றது. மீளாத பொழுதுகள் என்னும் தலைப்பு, சொல்லுபவர் எந்தக் காலத்தில் நின்று எந்தக் காலத்தை நோக்குகின்றார் என்பதைக் காட்டிவிடுகின்றது. இத்தகைய கவிதைகளிலே முழக்கம் இல்லை. ஆயிரம் பேரை நோக்கிப் பேசும் கவியரங்கக் குரல் அவருடையதன்று. எண்பதுகளிலே அக்குரல் எம்மிடையே மிகுதியாய் ஒலித்தது. அதற்குக் கைதட்டலும் மிகுதியாய்க் கிடைத்தது. செல்வி ஒருவரை நோக்கிப் பேசினார். ஒருவரை நோக்கிப் பேசும்போது பொய் சொல்லுதல் கடினம்.

இவ்விரு பண்பும் ஒருங்கே கூடி நிற்கும் கவிதை இராமனே இராவணனாய் என்பது. எமது கணிப்பிலே செல்வியின் ஆக்கங்களுள் முதன்மையானது அதுவே. அதிலே பேசுபவள் சீதை. அவள் இருக்கும் அசோகவனம் கடலுக்கு அப்பால் இல்லை; அவள் வாழும் வீடே அது. சிறைவைத்தவனும் இராவணன் அல்லன். மீட்க வரவேண்டியவனே சிறைவைத்தவனாக இருக்கின்றான். ஒருவனே வேடம் மாற்றி வருவதை அவள் கண்டுகொள்ளும் கணமே கவிதையின் உயிர். காவற்காரனே கள்வனாகும்போது யாரை அழைப்பது என்பதுதான் அவளது இக்கட்டு.

கவிதையின் நடுவே இருக்கும் உருவகம் அரங்கிலிருந்து வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். வேடம், வேடமாற்றம், வேடத்தின் பின்னால் இருக்கும் ஆள் என்பன நாடக மாணவி ஒருத்திக்கு அன்றாடத் தொழிற்பொருள்கள். ஒப்பனை அறையிலே ஒரே முகம் இராமனாகவும் இராவணனாகவும் ஆகக்கூடும் என்பதை அவள் கண்ணாற் கண்டிருப்பாள். ஏட்டுப் புலவருக்கு இராமனும் இராவணனும் அறமும் மறமுமாய் எதிரெதிர் துருவங்கள். அரங்கிலே அவர்கள் இரண்டு உடுப்புகள். இந்தத் தொழிலறிவே கவிதையின் கண்டுபிடிப்பாக மாறியிருக்கின்றது. கவிஞர் செல்வியையும் நடிகை செல்வியையும் பிரித்து எழுதுவோர் இக்கவிதையின் உயிர்நிலையைத் தவறவிடுவர்.

சீதையைப் பேசவைத்தோர் முன்னரும் உளர். காளிதாசரின் இரகுவம்சத்திலே, காட்டில் விடப்பட்ட சீதை இலக்குவனிடம் செய்தி சொல்லி அனுப்பும்போது, இராமனைக் கணவன் என்னாது அரசன் என்றே குறிப்பிடுகின்றாள். நெருப்பிலே தூயவளாகக் காணப்பட்டவளை ஊர்ப்பேச்சுக்காகத் துறந்தது குலத்துக்குத் தகுமா என்றும் கேட்கின்றாள். எம்மூர்ப் புலவர் தமிழாக்க எடுத்துக்கொண்ட காவியத்தின் மூலத்திலேயே அக்கேள்வி இருக்கின்றது. புதுமைப்பித்தன் சாப விமோசனத்திலே, சீதை தீக்குளித்த கதையைக் கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். செல்வியின் சீதை இவ்விரண்டிலிருந்தும் வேறுபடுகின்றாள். அவள் தூது அனுப்பவில்லை; கல்லாகவும் இல்லை. கண்டதைக் கண்டபடி, முன்னிலையிலே சொல்லுகின்றாள். அரச குலத்துப் புலவர் இரகு வம்சத்தைப் பாடிய குடாநாட்டிலே, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளின் பின்னர், வன்னிக் கிராமத்து மாணவி ஒருத்தி அவ்வம்சத்தின் நாயகனை நிறுத்திக் கணக்குக் கேட்கின்றாள். எமது கவிதை நடந்து வந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இக்கவிதையை அரசியல் முன்னறிவிப்பாக வாசிக்கும் வழக்கம் பின்னாளில் ஏற்பட்டது. மீட்பர் என வந்தவர்களே அவரைச் சிறையிட்டமையால் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் நாம் முதலில் அதை வீட்டைப் பற்றிய கவிதையாகவே வாசிக்க வேண்டும். அவர் பேசியது வீட்டினுள்ளே காப்பவன் என்ற பெயராலே ஆளும் ஆணைப் பற்றி. அவ்வுண்மை நாட்டுக்கும் பொருந்திற்று என்றால், வீட்டிலே நாம் ஒப்புக்கொண்ட அதிகாரம் வீதியிலே துப்பாக்கியோடு வந்தது என்பதுதான் பொருள். வீட்டிலே கேள்வி கேட்கும் பெண்ணை அடங்காதவள் என்ற சமுதாயம், நாட்டிலே கேள்வி கேட்டவளைத் துரோகி என்றது. சொல் மாறியதேயன்றி வழக்கம் மாறவில்லை.

5

உலகின் வேறொரு மூலையிலிருந்து ஓர் ஒப்புமையை எடுத்துக்கொள்வோம். பால்டிக் கடலோரத்திலே எஸ்தோனியா என்னும் சிறிய நாடு இருக்கின்றது. அந்நாட்டு மொழியைப் பேசுவோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரே. அங்கே 1843இல் பிறந்த லிடியா என்னும் பெண், தந்தையின் பத்திரிகையிலே பணிசெய்துகொண்டே கவிதை எழுதினார். வைகறையைக் குறிக்கும் கொய்டுலா என்னும் புனைபெயரால் அறியப்பட்டார். கவிதையோடு நில்லாது 1870இல் தார்த்து நகரிலே எஸ்தோனிய மொழியில் நாடகம் மேடையேற்றினார். எஸ்தோனிய நாடக அரங்கின் தொடக்கத்தை அந்நாட்டார் அவர் முயற்சியிலேயே காண்கின்றனர். சாரின் ஆட்சியும் ஜெர்மானிய நிலப்பிரபுக்களின் ஆதிக்கமும் நிலவிய காலத்திலே, குடியானவர் மொழி என்று இகழப்பட்ட ஒன்றை அவர் மேடையிலே மதிப்போடு பேசவைத்தார். 1886இல் அவர் இறந்தார். அவர் கவிதையை அம்மக்கள் தமது பெரும் பாட்டு விழாக்களிலே தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகின்றனர்.

சிறிய மொழியினர்க்குக் கவிதையும் அரங்கும் ஒருங்கே தேவைப்படுகின்றன என்பதற்குக் கொய்டுலா சான்று. அச்சிட்ட பக்கம் சிலரை எட்டும்; மேடை ஊரையே கூட்டும். ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. கொய்டுலா தம் மக்களைப் போற்றிப் பாடினார். மக்கள் அவரைப் போற்றினர். செல்வி தம் மக்களை நேசித்ததனாலேயே அவர்களிடம் கேள்வி கேட்டார். போற்றிப் பாடும் பெண்ணுக்குச் சிலை வைத்தல் எந்த இனத்துக்கும் எளிது. கேள்வி கேட்கும் பெண்ணை வாழவிடுவதிலேதான் ஓர் இனத்தின் முதிர்ச்சி தெரியும். அச்சோதனையிலே யாழ்ப்பாணம் தேறவில்லை.

6

செல்வியின் கவிதைகளிலே குறைகள் இல்லையா? உண்டு. இருளும் நெருப்பும் கோடையும் வசந்தமும் அக்கால ஈழக் கவிதையிலே எல்லோரும் கையாண்டு தேய்ந்துபோன நாணயங்கள். அவரும் அவற்றைச் சில இடங்களிலே அப்படியே செலவிட்டிருக்கின்றார். உணர்ச்சியைக் காட்சியாக்குவதற்கு முன்னரே உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிடும் வரிகளும் உள்ளன. சேமமடுவின் குளமும் வயலும் உழைக்கும் பெண்களும் அவர் கவிதையிலே இன்னும் விரிவாக வந்திருக்கலாம் என்ற ஏக்கம் எமக்கு உண்டு. இவை இளங் கவிஞரின் குறைகள். எழுதி எழுதிக் களையப்படக் கூடியவை. களைவதற்குரிய காலத்தைத்தான் அவரிடமிருந்து பறித்துக்கொண்டனர். அவர் எழுதாது போன கவிதைகளையும் மேடையேற்றாது போன நாடகங்களையும் இழப்பிலே சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

1986இலே சித்திரலேகா மௌனகுரு தொகுத்த சொல்லாத சேதிகள் என்னும் நூல் ஈழத்துப் பெண்களின் புதுக் குரலை முதன்முதல் ஒரு தொகுதியாக்கியது. அதன் பெயரே ஒரு பிரகடனம். அச்சேதிகளைச் சொல்லத் தொடங்கியோருள் ஒருவர் ஐந்தாண்டுகளின் பின்னர் தம்மையே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டிலே செல்வி மாய்க்கப்பட இழுத்துச் செல்லப்பட்டார். எஞ்சியோருட் சிலர் புலம்பெயர்ந்தனர், சிலர் மௌனமாயினர். ஒரு பெண் கவிதை இயக்கம் அதன் இளமையிலேயே இவ்வாறு சிதறடிக்கப்பட்டமை இலக்கிய வரலாற்றிலே சிறு செய்தியன்று.

ஆகவே இன்று செய்யவேண்டியன யாவை? செல்வியின் கவிதைகள் ஒவ்வொன்றும் எழுதப்பட்ட காலமும் வெளிவந்த இதழும் குறிக்கப்பெற்று, செம்மையான பதிப்பாக வருதல் வேண்டும். அவர் தயாரித்த நாடகங்களிலே பங்குகொண்டோரும் பார்த்தோரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். எழுத்துப் பிரதி கிடையாதவிடத்தும் அவர்கள் நினைவிலிருப்பதைத் திரட்டி அந்நாடகங்களின் உருவை மீட்டல் வேண்டும். மேடை என்பது நினைவிலே தங்கும் கலை. நினைவுடையோர் மறையுமுன் அதை எழுதிவைக்காவிடின் பிறகு எவராலும் எழுத முடியாது. எமது பாடசாலைகளிலே நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவியர், அத்துறையிலே தமக்கு முன்னே சென்ற ஒருத்தியின் கவிதையைக் கற்காது வெளியேறுவது நியாயமன்று. கற்பது மாத்திரம் போதாது. அதனை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

2009இல் போர் முடிந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் சீதனம் ஓயவில்லை. வீட்டினுள்ளே நடக்கும் வன்முறையும் ஓயவில்லை. பெண் ஒருத்தி ஊரின் முன்னே நின்று தன் கருத்தைச் சொன்னால் அவள் ஒழுக்கத்தை ஆராயும் வழக்கமும் மறையவில்லை. செல்வியின் நாடகங்கள் எழுப்பிய வினாக்களுக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை என்பதே இதன் பொருள். விடை சொல்லும் வரையிலே அக்கவிதைகள் பழையனவாகா. அரசகேசரியையும் சிவசங்கர பண்டிதரையும் பெருமையோடு நினைக்கும் ஊர்கள், சேமமடுச் செல்வியையும் தம் கவிஞர் வரிசையிலே அமர்த்தி, அவர் சொற்களை எம் பெண்பிள்ளைகளின் குரலிலே மீண்டும் மேடையேற்றுமாக.